சாம்பிராணிச் சட்டியும் கடைசி வீட்டு ஜன்னலும்

மலாயாவில் வெள்ளைக்காரர்களின் அவசர காலம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். கெடாவில், திகாம் பத்து டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டம். நல்ல மழை மாதம். என் தலைப்பிள்ளை பிறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

முதலில் நாங்கள் இருந்த இடம் அது இல்லை. தோட்டத்தின் மேல் டிவிஷனில், மரங்களுக்கு நடுவில் எங்கள் லயன் வீட்டு வரிசை இருந்தது. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோம் என்று சொல்லி, எங்களை அங்கிருந்து கிளப்பி, ஃபேக்டரிக்குப் பக்கத்தில் பலகை வீடுகள் போட்டு, சுற்றிலும் முள்கம்பி அடித்து உள்ளே வைத்தார்கள். காலையில் கேட்டில் சோதனை செய்துதான் மரத்தில் பால் வெட்ட வெளியே விடுவார்கள். பொழுது சாய்ந்தால் ஒருவரும் வெளியே தலை காட்டக் கூடாது, கதவு ஜன்னல் எல்லாம் சாத்த வேண்டும். மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியோடு வரிசை நெடுக நடந்து, "தூத்துப்! தூத்துப்!" என்று கத்திக்கொண்டு போவார்கள். சாத்து, சாத்து என்று அர்த்தம். பிள்ளைகள்கூட விளையாட்டில் அதைத்தான் கத்தும்.

எங்களுக்குக் கிடைத்தது வரிசையில் கடைசி வீடு. கடைசி வீடென்றால் நல்ல காற்றோட்டமாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். குடிபோன அன்றைக்கே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஃபேக்டரியில் ரப்பர் பாலை உறையவைத்துக் கழுவிய தண்ணீர் முழுக்க எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில்தான் வந்து தேங்கும். ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாற்றத்தைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. சோற்றில் அடிக்கும், தலைமுடியில் அடிக்கும், மாரியம்மன் படத்துக்குப் போட்ட பூவிலும் அடிக்கும்.

வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரருக்குப் புகைக்கூடத்தில் வேலை. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகை போட்டுக் காயவைக்கிற இடம் அது. அவருடைய அக்கா, என் நாத்தனார், புருஷனை இழந்து எங்களோடு இருந்தார். எனக்குக் கல்யாணமாகி ரொம்பக் காலம் பிள்ளை தங்கவில்லை. வயிற்றில் வந்ததும் நிற்காமல் போய்விடும். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். நாத்தனார் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. எனக்காக அவர்தான் மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு, வெறுங்காலோடு எடுத்தார். பிள்ளை பிறந்ததும் முதலில் கையில் வாங்கியவரும் அவர்தான்.

அப்படி வந்த பிள்ளையை இந்த நாற்றத்திலா வைப்பது? நாத்தனாருக்கு மனசு ஆறவே இல்லை.

"பச்ச ஒடம்புக்காரிக்கு இந்த நாத்தக் காத்து ஆகாது புள்ள. பச்சப் புள்ளைக்குச் சீர் தட்டும்" என்று சொல்லிச் சொல்லி, பழைய சாக்கைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஜன்னல் இடுக்கு, பலகை இடுக்கு, தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து, எல்லாவற்றிலும் திணித்துவிட்டார். சாரலும் வராது, நாற்றமும் வராது.

"தெனமும் தூத்துப் தூத்துப்னு கத்துறான்ல? நல்லாவே சாத்திப்புடுவோம்" என்று சிரித்தார்.

உள்ளே காலையும் மாலையும் சாம்பிராணி. கரியைப் பற்றவைக்க ஒட்டுப்பால் துண்டு ஒன்று போதும். மரத்தில் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர்தான் ஒட்டுப்பால். நெருப்புப் பட்டால் எண்ணெய் மாதிரி பிடித்து எரியும். தோட்டத்தில் எல்லா வீட்டு அடுப்பும் அப்படித்தான் பற்றும். அந்தக் கரும்புகை அடங்கிய பிறகு, கனிந்த கரியை உடைந்த பீங்கான் சட்டியில் போட்டு, சாம்பிராணியைத் தூவி, முதலில் அம்மனுக்குக் காட்டி, பிறகு எங்கள் அறைக்குள் கொண்டுவந்து வைப்பார். எங்களுக்கு அது சாமி புகை. அதில் கெடுதல் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் வாயைக் கழுவிவிட்டு வரச் சொல்லியிருப்போம்.

இந்த இடத்தில் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாக்கடைக்கு அந்தப் பக்கம், வேலிக்கு உள்ளேயே, ஒரு காவல் கொட்டகை இருந்தது. பகலில் அங்கே பெரும்பாலும் ஒரே கான்ஸ்டபிள்தான் நிற்பான். யான் என்கிற ஊர்ப் பக்கத்து நெல் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. வயதில் எனக்குத் தம்பி போல, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்காவது சாத்திக்கொள்ளக் கதவு இருந்தது. அவனுக்கு அந்த நாற்றத்திலிருந்து தப்பிக்க வழியே இல்லை. பாண்டான் என்கிற வாசனை இலையை முடிச்சுப் போட்டுச் சட்டைக் காலரில் செருகிக்கொண்டு நிற்பான். லயன் பெண்களுக்கு அது பெரிய சிரிப்பு.

ஒரு நாள் துணி காயப்போடப் போன நாத்தனார் அவனைச் சீண்டியது உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது.

"என்னா தம்பி, கழுத்துல மாலையெல்லாம் போட்டுக்கிட்டு... இன்னிக்கு மாப்பிள்ளையா?"

"நாத்தம் காக். நாத்தம் ஜாஸ்தி லா. இது வாசம்." மலாயில் அக்காவைக் காக் என்பார்கள். தமிழை எங்களிடம் கேட்டுக் கேட்டுப் பொறுக்கி வைத்திருந்தான்.

"அப்ப பொண்ணு எங்க?"

"பொண்ணு யான்ல. வயிறு இப்படி" என்று கையால் பெரிதாகக் காட்டினானாம். காட்டிவிட்டு வெட்கத்தில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டானாம்.

மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்பதாலோ என்னவோ, என் பிள்ளையின் அழுகை என்றால் அவனுக்கு உயிர். ஃபேக்டரி வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். வேலை தொடங்கவும் முடியவும் அதைச் சுத்தியலால் அடிப்பார்கள். எங்கள் வீட்டில் அது காதுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருக்கும். அடித்த உடனே என் பிள்ளை தூக்கிவாரிப்போட்டு எழுந்து ஊரைக் கூட்டுவான். ஒரு நாளும் தவறாது. காவல் கொட்டகையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

"காக்! மண்டோர் எந்திரிச்சாச்சு!" என்று கத்துவான். மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவர். என் பிள்ளைக்கு அவன் வைத்த பட்டப்பெயர் அது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை விடவில்லை. மத்தியானத்துக்கு மேல் நாத்தனார் எனக்குத் தலைக்கு ஊற்றி, பிள்ளையையும் குளிப்பாட்டிப் பாயில் படுக்கவைத்தார். வெள்ளிக்கிழமையாச்சே, மழையாச்சே, பிள்ளையின் ஈரத்துணி வேறு காயவேண்டுமே என்று சட்டி நிறைய நெருப்பு. சாம்பிராணியும் தாராளம். சட்டியை என் தலைமாட்டில் வைத்தார்.

"தல காயட்டும், அப்பிடியே படு. நான் கோயில்ல வெளக்கேத்திட்டு ஓடியாந்துர்றேன்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு, சாரல் அடிக்காமல் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

வாசம் அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சாக்கடை நாற்றம் கொஞ்சம்கூட இல்லை. அம்மன் சன்னதியில் படுத்திருப்பது போல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சாம்பிராணி எரிந்து தீர்ந்து, புகையும் அடங்கி, கரி மட்டும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. தலை லேசாக வலித்தது. பிரசவ உடம்புதானே என்று கண்ணை மூடினேன். பிள்ளை என் கைக்குள் கதகதவென்று இருந்தான்.

பிறகு தண்டவாளம் அடித்தது. ஆற்றுக்கு அக்கரையில் யாரோ அடிக்கிற மாதிரிக் கேட்டது. பிள்ளை அசையவில்லை. பரவாயில்லையே, பழகிவிட்டானே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், சந்தோஷமாக. அப்புறம் அவனைத் தொட்டுப் பார்க்கலாமென்று கையைத் தூக்கினேன். கை வரவில்லை. அந்தக் கை என்னுடையதாகவே இல்லை. "தாயே" என்று வாய்விட்டுச் சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, இன்றைக்கும் தெரியாது.

வெளியே நடந்ததை நான் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

மழை அப்போது தூறலாக இறங்கியிருந்தது. கொட்டகையில் நின்ற அந்தத் தம்பி தண்டவாளச் சத்தம் கேட்டதும், வழக்கம்போல அழுகைக்காகக் காத்திருந்தான். வரவில்லை. "காக்! மண்டோர் தூங்குதா?" என்று கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டான். உள்ளே ஆள் இருப்பது அவனுக்குத் தெரியும். நாத்தனார் குடையோடு போனதையும் பார்த்திருந்தான். வீட்டிலிருந்து புகை ஒன்றும் வரவில்லை, சத்தம் ஒன்றும் இல்லை. பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. அழ வேண்டிய பிள்ளை அழவில்லை, அவ்வளவுதான்.

காவல் இடத்தை விட்டு நகர்வது அந்தக் காலத்தில் சின்னத் தப்பு இல்லை. அந்த நேரம் பார்த்து யாராவது கம்பியை வெட்டி உள்ளே வந்திருந்தால் அவன் கதை அதோடு முடிந்திருக்கும். அது தெரிந்தும் சாக்கடையில் முழங்கால் அளவு இறங்கி ஏறி வந்து, எங்கள் ஜன்னலைத் தட்டினான். தள்ளிப் பார்த்தான். சாக்குத் திணித்த ஜன்னல் நகருமா? துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி அடித்தான்.

பலகை பிளந்த சத்தம் எனக்குக் கேட்டது. வெளிச்சமும் சாரலும் ஒன்றாக முகத்தில் விழுந்தன. "பூக்கா! பூக்கா!" என்று ஒரு குரல். திற, திற என்று. தினமும் சாத்து சாத்து என்று கத்துகிற அதே குரல்.

அந்தச் சமயம் பார்த்து நாத்தனார் கோயிலிலிருந்து வந்துவிட்டார். பெற்றவள் படுத்திருக்கிற அறை ஜன்னலை ஒரு ஆம்பிளை துப்பாக்கியால் உடைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் என்ன தோன்றும்? கையிலிருந்த குடையாலேயே அவன் முதுகில் வைத்தார்.

"அடப்பாவி! ஒனக்கு அக்கா தங்கச்சி இல்ல? பெத்தவ கெடக்கிற ரூமுடா!"

அவன் திரும்பக்கூட இல்லை. அடியை வாங்கிக்கொண்டே, "காக், பாயி அழல! பாயி அழல! கதவு பூக்கா!" என்றான். பாயி என்றால் கைக்குழந்தை.

அப்போதுதான் நாத்தனாருக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து அடித்த அனலில் தலை கிறுகிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து பிள்ளையைத் தூக்கி அவர் கையில் போட்டான். மறுபடி போய் என்னைப் பாயோடு சேர்த்து வாசலுக்கு இழுத்தான். இழுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டானாம். அவ்வளவு அவசரத்திலும். நாத்தனார் அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளையின் முகம் செவேலென்று, நன்றாகத் தூங்குகிற மாதிரியே இருந்தது. தலை மட்டும் துவண்டு தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடி, மாரியாத்தா மாரியாத்தா என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். அவன் பிள்ளையைத் திரும்ப வாங்கி, தூறலுக்கு முகம் காட்டிப் பிடித்து, முதுகையும் உள்ளங்காலையும் தேய்த்துக்கொண்டே "மண்டோர்! ஏய் மண்டோர்! எந்திரி!" என்று கூப்பிட்டான். அந்தக் குரல் போகப்போக உடைந்தது. எனக்கு அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. தரையில் கிடந்தேன், கண்ணைத் திறக்க முடியவில்லை, காது மட்டும் கேட்டது.

முதலில் ஒரு விக்கல். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். பிறகு அழுகை.

எத்தனையோ நாதஸ்வரம் கேட்டிருக்கிறேன். அதைப்போல ஒன்றை நான் கேட்டதில்லை. அழுகை வந்ததும் அந்தத் தம்பி பிள்ளையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, சேறோடு அப்படியே வாசலில் உட்கார்ந்து அவனும் அழுதானாம்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். சாக்குத் திணித்த சந்துகளைப் பார்த்தார்.

"சாம்பிராணியக் குத்தம் சொல்லலம்மா. அடச்ச ரூம்ல கரி நெருப்பு வச்சா, புகை நின்ன பொறகும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு வந்துக்கிட்டே இருக்கும். வாசமும் இருக்காது, நாத்தமும் இருக்காது. தூங்குற மாதிரியே ஆளக் கொண்டுபோயிரும். இன்னும் செத்த நேரம் ஆயிருந்தா ரெண்டு பேரும் இல்ல" என்றார்.

புகைக்கூடத்திலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "தெனமும் கதவத் தொறந்து காத்த விட்டுட்டுத்தான் புகைக்கூடத்துக்குள்ள காலு வைக்கிறேன். வீட்ல எனக்குத் தோணலியே. சாமி புகைதானேன்னு இருந்துட்டேனே."

நாத்தனார் அன்று சாப்பிடவில்லை. என் பிள்ளையை நானே கொல்லப் பார்த்தேனே என்று அரற்றினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எடுத்த பால்குடந்தான் அக்கா அந்தத் தம்பி காதுல போயிச் சொல்லியிருக்கு" என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அதுதான் என் நம்பிக்கை. மாரியம்மன் காப்பாற்றினாள் என்று ஊரே சொன்னது. அவளேதான் காப்பாற்றினாள், காப்பாற்ற அவன் காதை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர்கள் சார்ஜன்ட் வந்தார். காவல் இடத்தை விட்டது ஒன்று, தோட்டத்து வீட்டு ஜன்னலை உடைத்தது ஒன்று, விசாரணை. நாத்தனார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கேட்டுக்குப் போய் அவர் முன்னால் நின்றார்.

"ஜன்னல ஒடச்சாருன்னு இவர் மேல கேஸ் எழுதுனா, கெவுர்மெண்ட்டு ஆள கொடையால அடிச்சேன்னு என் மேலயும் எழுதுங்க!"

யாரோ மலாயில் சொல்லிக் காட்ட, சார்ஜன்ட் மீசைக்குள் சிரித்துவிட்டார். திட்டும் கூடுதல் காவலுமாக அந்தத் தம்பிக்கு அது கழிந்தது.

வீட்டில் நாத்தனார் முதல் வேலையாக எல்லாச் சாக்குக் கீற்றையும் பிடுங்கி எறிந்தார். என் வீட்டுக்காரரும் வரிசை ஆண்களும் வேலை முடிந்து வந்து சாக்கடையை ஆழமாக வெட்டி, தேங்காமல் கீழே ஓடும்படி வழி செய்தார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டுச் சுண்ணாம்பு வாங்கிக் கரையெல்லாம் தூவினோம். நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது! போக வழி இல்லாத நாற்றத்தை வாசம் போட்டு மூடிக்கொண்டிருந்தோமே தவிர, அதற்கு ஒரு வழி வெட்டிவிடலாம் என்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் அந்தத் தம்பி லீவில் யானுக்குப் போய்விட்டு, பெண் பிறந்திருக்கிறது என்ற சேதியோடு வந்தான். கையில் வாழை இலைப் பொட்டலம். பாண்டான் இலையை நூல் மாதிரி நறுக்கி, மல்லிகையும் ரோஜா இதழும் கலந்திருந்தது. அவர்கள் கல்யாண வீட்டில் வைப்பார்களாம். புது ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே நீட்டினான்.

"காக், இது வாசம். நெருப்பு இல்ல."

நாத்தனார் அதை வாங்கி முதலில் அம்மன் படத்துக்கு வைத்து, பிறகு ஒரு கிண்ணத்தில் போட்டுத் தொட்டில் பக்கத்தில் வைத்தார். அடுத்த வாரமே சாக்கடைக் கரையில் பாண்டான் நட்டுவிட்டார். நாற்றம் பிடித்த அந்தக் கரையில் அது என்னமாய்ச் செழித்தது! சாம்பிராணியை நாங்கள் விட்டுவிடவில்லை. வாசலிலேயே போட்டு, கதவும் ஜன்னலும் திறந்திருக்க உள்ளே கொண்டுவந்து அம்மனுக்குக் காட்டிவிட்டு, சட்டியைத் திரும்ப வாசலுக்கே கொண்டுபோய்விடுவோம். நெருப்பு எங்களோடு படுத்துத் தூங்கியது அந்த வெள்ளிக்கிழமையோடு சரி.

சாயங்காலம் ஆனால் அதே சத்தம், வரிசை நெடுக. தூத்துப், தூத்துப். கடைசி வீட்டுக்கு வந்ததும் குரலை இறக்கிக்கொண்டு, "காக், கொஞ்சம் பூக்கா" என்பான். மேலதிகாரி காதில் விழாமல்.

பிறகு அவனை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். பெயரைக்கூடச் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் தம்பி என்றோம், அவன் காக் என்றான், அது போதுமாக இருந்தது. அவசர காலம் முடிந்து, கம்பியைப் பிரித்து, நாங்களும் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து எவ்வளவோ காலமாகிறது. நாத்தனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மண்டோருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. என் மருமகள் வீட்டு வாசத்துக்கென்று டப்பா டப்பாவாக ஏதேதோ வாங்கி வருகிறாள். நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருவேன், பின்கட்டுத் தொட்டியில் இருக்கும் பாண்டானில் நாலு இலை கிள்ளிக் கிண்ணத்தில் போடுவேன்.

சாத்தச் சொல்லும் வேலைக்கு வந்த ஒருவன் திறக்கச் சொன்னதால்தான் என் வீட்டில் ஒரு பிள்ளையின் சத்தம் நிலைத்தது. அதனால் ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கேற்றுமுன் ஜன்னலைத் திறக்கும்போது, அவன் எங்கிருந்தாலும் அவனும் யானில் பிறந்த அந்த மகளும் நல்ல காற்றில் இருக்கவேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான், என் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.